ஓர் ஆகாரம் குறைந்த ஊர்

சாலை வளைவில் அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் நோரீன் டார்ப்பி காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். நிறுத்த வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. தான் வைத்த பெயரைத் தானே ஒருமுறை நின்று படித்துப் பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். வெள்ளைத் தகரத்தில் மேலே ஐரிஷ் மொழியில் 'அன் கொர்த்' என்றும், அதன் கீழே ஆங்கிலத்தில் 'கர்ட்' என்றும் பளிச்சென்று எழுதியிருந்தது. கொர்த் என்றால் விளைநிலம். அயர்லாந்து முழுக்க அந்தப் பெயரில் ஊர்கள் கொட்டிக் கிடக்கின்றன.

அந்தக் காலத்தில் வரைபடம் போட வந்த இங்கிலாந்துப் பட்டாளத்து ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பெயர் கேட்டு, காதில் விழுந்ததைத் தங்கள் எழுத்தில் கிறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாட்டு மாதிரி இருந்த பெயர்களெல்லாம் தும்மல் மாதிரி ஆகிவிட்டன. அந்தத் தும்மல்களிலிருந்து பழைய பெயரை மீட்டு, அதற்குப் பொருள் கண்டுபிடித்து, பலகையில் ஏற்றுவதுதான் மாவட்ட அலுவலகத்தில் நோரீனுக்கு வேலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இந்த ஊர் விஷயத்தில் மட்டும் பட்டாளத்துக்காரன் அதிசயமாகச் சரியாகக் கேட்டிருக்கிறான் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை மதியம். அட்லாண்டிக் பக்கமிருந்து மூடுபனி மெதுவாகக் கரையேறிக்கொண்டிருந்தது. பலகைக்கு அப்பால் அவள் தம்பி கோல்மன் புதிதாகக் கட்டிய வீடு, அதன் பின்னால் சரிந்து இறங்கும் புல்வெளி. அந்தப் பக்கத்தில் எந்த வெளியைப் பார்த்தாலும் நாலு ஆடாவது மேயும். இங்கே ஒன்றுகூட இல்லை. இவ்வளவு பச்சையான புல்லை மேய ஆடு இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

கோல்மனின் மனைவி அட்ராக்டா முந்தாநாள் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். சாதாரணமாக நாத்தனாரைக் கூப்பிட்டுப் பேசுகிற ரகம் இல்லை அவள். "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க, குழந்தை ஒரு மாதிரியா இருக்கான்" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு நோரீனுக்கு இரண்டு நாளாக வேலையே ஓடவில்லை.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் நோரீன் ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள். அட்ராக்டாவின் கன்னம் ஒட்டிப்போய், கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. அவளுக்குப் பின்னால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. மண்ணுக்குள்ளேயே அழுகிப்போன உருளைக்கிழங்கின் வாடை. லேசாக இனித்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம்.

"என்ன இது, கிழங்கு ஏதாவது கெட்டுப்போச்சா?"

"வீடு பூரா தேடிட்டேன். ஒண்ணும் இல்ல. நீங்க உள்ள வாங்க, குளிருது."

கோல்மன் அடுப்படி மேஜையில் உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் கால்பந்தாட்டக் குழுவுக்குக் கோல் காத்தவன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். இன்று அவன் போட்டிருந்த கம்பளிச் சட்டை ஆணியில் மாட்டியது மாதிரி தொங்கியது. அக்காவைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை. அவன் முன்னால் ஒரு பெரிய சட்டி நிறைய வேகவைத்த உருளைக்கிழங்கு இருந்தது.

"வா வா, ஊருக்கெல்லாம் பேர் வைக்கிற மகராசி," என்றான் வாய் நிறையக் கிழங்கோடு. "கையில என்ன? ரொட்டியா? கொடு இப்படி."

உலர்திராட்சை போட்டு அவளே சுட்டுக்கொண்டு வந்த ரொட்டி. வாங்கிய வேகத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். பசியில் இருக்கும் நாய்கூட முதலில் மோந்து பார்க்கும். தம்பியை அப்படிப் பார்த்ததில் நோரீனுக்கு நெஞ்சு வலித்தது.

குழந்தை அடுப்புக்குப் பக்கத்தில் கூடையில் கிடந்தான். உல்டன் என்று பெயர். பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஞானஸ்நானத்தின்போது தூக்கியபோது கை வலிக்கும்படி கனத்தவன், இப்போது தூக்கினால் துணி மட்டும் கையில் வந்த மாதிரி இருந்தது. விரல்களெல்லாம் குச்சி. முகத்தில் கிழட்டுக் களை. அட்ராக்டா புட்டிப் பாலை வாயில் வைத்ததும் ஒரே மூச்சில் குடித்து முடித்தான். முடித்துவிட்டு வெறும் புட்டியை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். அழவில்லை. நோரீனையே பார்த்துக்கொண்டு உறிஞ்சினான்.

"ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்க?"

"அங்க வெச்சிருந்த வாரம் நல்லா எடை போட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்தா திரும்பவும் இதே கதை," என்றாள் அட்ராக்டா. "நர்ஸ் என்னைத்தான் ஒரு மாதிரி பாக்குறா. பெத்தவ பால் கொடுக்காம பட்டினி போடுறாளோன்னு. திங்கக்கிழமை வந்து எடை பாப்பாளாம். குறைஞ்சிருந்தா எடுத்துட்டுப் போயிருவாங்களாம்." அவள் குரல் உடைந்தது. "எடுத்துட்டுப் போனாக்கூட பரவால்ல நோரீன். திங்கக்கிழமை வரைக்கும் இருப்பானான்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

 கோல்மன் சட்டியின் அடியைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தான். தகரத்தில் இரும்பு உரசும் அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. நோரீனும் ஒரு துண்டு ரொட்டி எடுத்துச் சாப்பிட்டாள். இன்னொரு துண்டு எடுத்தாள். வயிற்றுக்குள் எதுவும் போய்ச் சேரவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"இது எப்பத்துல இருந்து?"

"உங்க ஆளுங்க அந்த போர்டை நட்டுட்டுப் போன வாரத்துல இருந்து," என்றாள் அட்ராக்டா.

கோல்மன் கரண்டியை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தான். "ஆரம்பிச்சிட்டியா? தகரத்துக்கும் குழந்தைக்கும் என்னடி சம்பந்தம்?"

"நான் சம்பந்தம்னு சொல்லல. எப்பன்னு கேட்டாங்க, சொன்னேன்." அவள் நோரீன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "பகல்ல காத்தாட இருக்கட்டும்னு தள்ளுவண்டியில போட்டு பின்னாடி புல்வெளியில விடுவேன். எங்க ஊர்ல எல்லாக் குழந்தையும் அப்படித்தான் வெளியில தூங்கும். ரெண்டு தடவை போய்த் தூக்குறப்ப அவன் வாயில புல்லு இருந்துச்சு."

"காத்துல பறந்து வந்திருக்கும்."

"மென்னு வெச்சிருந்தது, நோரீன். பல்லே முளைக்காத குழந்தை. உதடெல்லாம் பச்சை."

 நோரீன் பேச்சை மாற்றுகிறவள் மாதிரி, "ஊரே விளைநிலம்னு பேர் வெச்சிருக்கு, புல்லு முளைக்கத்தானே செய்யும். அன் கொர்த்," என்றாள் சிரிக்க முயன்றபடி.

ஆ...

யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. அவள் சொல்லி முடித்த வார்த்தையின் நுனியிலேயே அது ஒட்டிக்கொண்டு வந்தது. நோரீன் அட்ராக்டாவைப் பார்த்தாள். அவள் உதடுகள் மூடியிருந்தன. கோல்மன் மென்றுகொண்டிருந்தான். அடுப்பில் கெட்டில்கூட இல்லை.

குழந்தை புட்டியை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியிருந்தான்.

"கிளம்புங்க," என்றாள் நோரீன். "மூணு பேரும் என் வீட்டுக்கு வாங்க. ஆஸ்பத்திரியில தேறினான்ல, அப்ப இந்த வீடுதான் அவனுக்கு ஒத்துக்கல. ஈரமோ, பூஞ்சையோ, என்ன எழவோ. துணிமணியை எடுத்து வை. கொடியில காயுறதையும் தள்ளுவண்டியையும் நான் எடுத்துட்டு வர்றேன்."

கோல்மன் முனகினான். ஈஸ்டருக்கு விடுதி திறக்க வேண்டும், இரண்டு அறைக்கு இன்னும் வர்ணம் அடிக்கவில்லை என்று ஏதோ சொன்னான். அமெரிக்காவிலிருந்து பாட்டன் முப்பாட்டன் ஊரைத் தேடி வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுவதுதான் அவன் திட்டம். இருந்த காசையெல்லாம் இந்த வீட்டில்தான் கொட்டியிருந்தான். நோரீன் காதில் வாங்கிக்கொள்ளாமல், கடித்துக்கொண்டிருந்த ரொட்டித் துண்டோடு பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

மூடுபனி கொல்லை வரைக்கும் வந்துவிட்டது. துணிக்கொடி புல்வெளியின் நடுவில் கட்டியிருந்தது. அதில் குழந்தையின் துணிகள் வரிசையாக அசையாமல் தொங்கின. அதற்குக் கொஞ்சம் அப்பால் தள்ளுவண்டி, யாரோ பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி, சரிவில் உருளாமல் நின்றது. அவள் புல்லில் இறங்கி நடந்தாள். ஷூவுக்கு அடியில் புல் தழைவாக, வழுவழுப்பாக இருந்தது.

பாதி தூரத்தில் முழங்கால் மடிந்தது.

பசி. அதற்கு முன்னால் அவள் பசி என்று நினைத்ததெல்லாம் பசியே இல்லை. குடலை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி, கண் இருட்டி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் இரண்டு கையையும் ஊன்றிப் புல்லில் விழுந்தாள். முகத்துக்கு நேரே புல். ஈரமான, பச்சையான புல். அதைத் தின்றால் என்ன என்று தோன்றியது. தோன்றியது மட்டுமல்ல, அவள் வாய் தானாகத் திறந்தது.

கையில் ரொட்டித் துண்டு இன்னும் இருந்தது. கை அதை எப்படி வாய்க்குக் கொண்டுபோனது என்று அவளுக்கே தெரியாது. ஒரு வாய் விழுங்கியதும் கண் தெளிந்தது. பசிப்புல் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். பஞ்சத்தில் செத்து விழுந்தவன் மேல் முளைத்த புல்லை மிதித்தால் உயிரே போகிற பசி வரும், சட்டைப்பையில் ஒரு துண்டு ரொட்டி இல்லாமல் மேய்ச்சல் நிலத்தைக் கடக்காதே என்று அம்மா சொல்வாள். கல்லூரிக்குப் போன பிறகு அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். நம்பிக்கை மட்டும் அதில் எங்கும் இல்லை.

தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தாள்.

புல் அங்கங்கே அமுங்கிக் கிடந்தது. ஆள் படுத்து எழுந்த மாதிரி. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, நெருக்கி நெருக்கி, வரப்பு வரைக்கும். பெரிய தடங்கள். அவற்றின் அணைப்பில் சின்னச் சின்னத் தடங்கள்.

பயத்தில் வாய் தானாக முணுமுணுத்தது. "அன் கொர்த்... வெறும் வயல்தான்... அன் கொர்த்..."

ஆ...

இந்தத் தடவை ஒரு குரல் இல்லை. புல் மட்டத்திலிருந்து, அவள் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து, வரப்புப் பக்கத்திலிருந்து, எத்தனையோ வறண்ட தொண்டைகள் சேர்ந்து அந்த ஓர் எழுத்தை மட்டும் இழுத்தன. அவள் நிறுத்திய இடத்தில் அவை தொடங்கின. அவள் சொன்னதை முடித்துவைத்தன.

தள்ளுவண்டியையும் துணியையும் விட்டுவிட்டு, சாலையோரக் கல்சுவரை நோக்கித் தவழ்ந்தும் ஓடியும் போய்ச் சேர்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நாற்சந்திக் கடைக்காரி ஃபிலோமினா ரூவேன். கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்து, உதிர்த்து, சுவருக்கு மேலாகப் புல்லில் தூவினாள். கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் செய்தாள்.

"ஏம்மா, ஆபீஸ்காரம்மா. கால் நடுங்குதா?"

"மிஸஸ் ரூவேன்... இந்த ஊர் பேரு... நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"ஆங், இப்ப கேளு. அன்னைக்கு நீ கடைக்கு வந்து பேனாவும் கையுமா நின்னப்ப நாக்கு வலிக்கச் சொன்னேனே. கொர்த்தா, கொர்த்தான்னு. நீ அழகா தலையாட்டுன. அப்புறம் பாத்தா வாலை நறுக்கிட்டு போர்டு வெச்சிருக்க."

நோரீனுக்கு நினைவு வந்தது. சந்தேகம் ஒரு கணம் வரத்தான் செய்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் எந்த வார்த்தையையும் இழுத்துத்தான் முடிப்பார்கள் என்று அதைத் தள்ளிவிட்டாள். அன்று சாயங்காலம் தம்பியிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவன் பதறிவிட்டான். கொர்த் என்றால் விளைநிலம், கொர்த்தா என்றால் பட்டினி. "பட்டினின்னு போர்டு வெச்சா எவன் வந்து என் வீட்டுல காலைச் சாப்பாடு சாப்பிடுவான்? வயல்னே போடு நோரீன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினான். எழுத்துக் கணக்கில் ஓர் ஆகாரம்தான் குறைந்தது. வயிற்றுக் கணக்கிலும் அதேதான் குறைந்தது.

"பழைய வரைபடத்துல கர்ட்னுதானே இருக்கு," என்றாள், அதைச் சொல்லவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வரைபடம் என்னைக்குப் போட்டது? பஞ்சத்துக்கு முன்னாடி. அப்ப இது வயல்தான், யாரு இல்லன்னா? கிழங்கு விளைஞ்ச வயல். அப்புறம் கிழங்கு அழுகிச்சு. அந்த ஆயிரத்தி எண்ணூத்தி நாற்பத்தேழாம் வருஷம், கஞ்சி ஊத்துறாங்கன்னு டவுனுக்கு நடந்து போனவங்க, அங்க கதவு சாத்தியிருக்கவும் திரும்பி வந்து இங்கதான் விழுந்தாங்க. வாயெல்லாம் புல்லு." ஃபிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். "பொதைக்க ஆளில்ல. ஒரு கல்லு இல்ல, யாரு எவருன்னு ஒரு பேரு இல்ல. ஊர் பேர்ல ஒரு எழுத்தைச் சேத்து விட்டாங்க, அவ்வளவுதான். அது ஒண்ணுதான் அவங்களுக்குன்னு இருந்துச்சு. அதையும் நீ எடுத்துட்ட."

"என் தம்பி குழந்தை சாகக் கிடக்கு."

ஃபிலோமினாவின் முகத்திலிருந்த குத்தல் போய்விட்டது. "அப்ப நின்னு என்கிட்ட ஏன் பேசிட்டு இருக்க? போ," என்றாள். "போம்மா, சீக்கிரம் போ." சைக்கிளில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள்.

நோரீன் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் ஓடினாள். விளக்கம் சொல்ல நேரமில்லை. அட்ராக்டா ஒரு பையும் கம்பளியில் சுற்றிய குழந்தையுமாகத் தயாராக நின்றாள். நோரீன் கோல்மனைக் கையைப் பிடித்து இழுத்துப் பின்சீட்டில் தள்ளினாள். அவன் மடியில் மிச்ச ரொட்டி. கார் கிளம்பியது. மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. மூடுபனியில் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை.

வளைவு வந்தது. பெயர்ப்பலகை வெள்ளையாகத் தெரிந்தது.

"நோரீன்."

அட்ராக்டா கூப்பிட்ட விதத்தில் நோரீனின் கால் தானாக பிரேக்கை அழுத்தியது.

"மூச்சு விடல."

குழந்தையின் வாய் திறந்திருந்தது. உதட்டைச் சுற்றிப் பச்சை. நெஞ்சு அசையவில்லை. அட்ராக்டா அவனை உலுக்கினாள், கன்னத்தைத் தட்டினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். நோரீனுக்கு என்ன தோன்றியதோ, வண்டியைப் பின்னால் எடுத்தாள். பலகையை விட்டு ஒரு கார் நீளம் விலகியதும் குழந்தை விக்கிக்கொண்டு மூச்சிழுத்தான். மறுபடியும் முன்னால் போனாள். பலகைக்கு நேராக வந்ததும் அந்தச் சின்ன நெஞ்சு நின்றுபோனது.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இந்த எல்லை அவனைத் தாண்ட விட்டது. இப்போது விடவில்லை.

"வண்டியைத் திருப்பு!" அட்ராக்டா அலறினாள். "வீட்டுக்கே போயிருவோம், திருப்பு!"

"வீட்டுக்குப் போனா மட்டும் பொழைப்பானா?" வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, சாவியை உருவிக்கொண்டு நோரீன் இறங்கி ஓடினாள். ஓடும்போதே சாலையின் இரண்டு பக்கமும் புல் சரசரப்பது கேட்டது. காற்று துளிக்கூட இல்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு, சாவி முனையால், 'கொர்த்' என்ற சொல்லின் கடைசியில் சுரண்டத் தொடங்கினாள். தகரம் கீச்சிட்டது. பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது.

கோல்மன் பின்னால் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மெலிந்த கைதான், ஆனாலும் இரும்புப் பிடி.

"என்ன பண்ற? பட்டினின்னா எழுதுற? என் வீட்டு வாசல்ல?"

"ஆமா. உன் வீட்டு வாசல்லதான் அவங்க கெடக்காங்க."

"யாரு கெடக்காங்க? பைத்தியமா உனக்கு?"

"அந்தப் பேரைச் சொல்லு கோல்மன். வயல்னு நீ சொல்ற பேரைச் சொல்லிப் பாரு, ஒரே ஒரு தடவை."

அவன் எரிச்சலோடு கத்தினான். "அன் கொர்த்!"

ஆ...

மூடுபனிக்குள்ளிருந்து, சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அவனைச் சுற்றி வட்டமாக வந்தது. அவன் காதோரத்திலும் ஒன்று வந்திருக்க வேண்டும். சட்டென்று காதைப் பொத்திக்கொண்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பிடி தளர்ந்தது.

நோரீன் சுரண்டி முடித்தாள். கோணலான ஓர் எழுத்து. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எழுதுகிற பிள்ளையின் எழுத்து மாதிரி இருந்தது. அதில் கை வைத்தபடி அவள் முழுப் பெயரையும் சொன்னாள். "அன் கொர்த்தா."  திரும்பவும் சொன்னாள். காரிலிருந்து குழந்தையை அணைத்தபடி அட்ராக்டா இறங்கி வந்து, எதற்கென்று தெரியாமலே, அழுதுகொண்டே சொன்னாள். கடைசியில் கோல்மனும் சொன்னான். விடுதியையும் அமெரிக்காக்காரர்களையும் மறந்து, சாலையில் மண்டியிட்டு, மாதா கோயிலில் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

அந்தத் தடவை யாரும் முடித்துவைக்கவில்லை.

சரசரப்பு நின்றது. அழுகல் வாடை இருந்த இடத்தில் வெறும் கடல் உப்பு வாடை வந்தது. அட்ராக்டாவின் தோளில் உல்டன் ஓர் ஏப்பம் விட்டான். பிறகு வாயோரம் பால் வழிய, புட்டியைக் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிப்போனான். வேண்டாம் என்று அவன் திருப்பியது பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான். அட்ராக்டா அங்கேயே சாலையோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நோரீனும்தான் அழுதாள்.

புதுப் பலகை வருவதற்குள் பனிக்காலம் வந்துவிட்டது. அலுவலகத்தில் நோரீன் தன் தவறு என்று ஒத்துக்கொண்டாள், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. கோல்மன் புல்வெளியைச் சுற்றி வேலி போட்டான், துணிக்கொடியை முன்பக்கம் மாற்றினான். விடுதியும் ஈஸ்டருக்குத் திறந்தது. பட்டினி என்ற பெயரைப் பார்த்ததும் அமெரிக்காக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்தான். அவர்களோ பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போட்டி போட்டார்கள். குழந்தை கொழுகொழுவென்று ஆனான். நோரீன் மாதம் ஒருமுறை போய்த் தூக்கிப் பார்த்து, கை வலித்த பிறகுதான் கீழே விடுவாள்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், வெயில் இன்னும் இறங்காத நேரம், கோல்மன் தொலைபேசியில் கூப்பிட்டான். குரலில் அப்பன்காரனின் பெருமை வழிந்தது.

"உன் மருமகன் பேசறான் நோரீன்! இன்னும் ஒரு வயசுகூட ஆகல. ஜன்னல்கிட்ட உக்காந்துக்கிட்டு வெளிய கையைக் காட்டிக்காட்டிப் பேசறான். அம்மான்னு வரும், அப்பான்னு வரும்னு நாங்க பாத்தா, தொரை மத்தவங்க பேரா சொல்றாரு. அட்ராக்டாதான் ஏதாச்சும் கதைப் புஸ்தகம் படிச்சுக் காட்டியிருக்கணும். இரு, நீயே கேளு."

தொலைபேசி கை மாறும் சத்தம். குழந்தை மூச்சு விடுவது காதுக்குள் கேட்டது. பிறகு மழலை கொஞ்சமும் இல்லாத, தெளிவான ஐரிஷில் ஒரு பெயர்.

"யூனா."

கொஞ்சம் நிறுத்தினான். அந்த இடைவெளியில், அறைக்கு வெளியே, ஜன்னலுக்கும் அப்பாலிருந்து, மெல்லிய பெண் குரல் ஒன்று கேட்டது. அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டதும் பிள்ளைகள் சொல்கிற பதில். இங்கே இருக்கிறேன் என்று பொருள்.

"அன்ஷோ."

நோரீன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டானகா," என்றான் குழந்தை.

"அன்ஷோ." ஆண் குரல். வறண்ட தொண்டை.

"சைவ்."

"அன்ஷோ."

"கேக்குதா?" கோல்மன் சிரிப்பது எங்கோ தூரத்தில் கேட்டது. அவன் காதில் பதில் எதுவும் விழவில்லை. குழந்தை அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டான். ஒவ்வொன்றுக்கும் புல்வெளிப் பக்கமிருந்து பதில் வந்தது. கிழவர்கள், பெண்கள், உடைந்த குரலில் பையன்கள். கல்லில் எழுதாத பெயர்கள். ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது. இனி அவரவர் பெயர் வேண்டும் போலிருக்கிறது. நோரீன் "போதும், அவனை ஜன்னல்கிட்ட இருந்து தூக்கு" என்று சொல்லப் பார்த்தாள். நாக்கு எழவில்லை.

பெயர்கள் நின்றன. குழந்தை ஒரு மூச்சு இழுத்தான்.

"உல்டன்."

"அட, அவன் பேரே அவனுக்குத் தெரியுதுடி!" என்று கோல்மன் அட்ராக்டாவைக் கூப்பிட்டான்.

வேலிக்கு அப்பால், புல் மட்டத்திலிருந்து, நவம்பரில் காருக்குள் கேட்ட அதே நாலு மாதக் குழந்தையின் விக்கல் கேட்டது. பிறகு சின்னஞ்சிறு குரல்.

"அன்ஷோ."